அடுப்புச் சுவரோரம் காய்ந்த புத்தகங்கள்

பவுடர்

தேயிலை பெக்டரியில் எனக்குக் கொடுத்த முதல் வேலை, முகம் கழுவிக்கொண்டு வருவது.

எழுபதுகளின் நடுவில் ஒரு திங்கட்கிழமை அது. கேமரன் மலையில் எங்கள் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முடித்துவிட்டு, அம்மாவோடு மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தேன். சலிப்பறையில் ஆள் பற்றவில்லை என்று என்னைக் கீழே அனுப்பினார்கள். சலிப்பறை என்றால், காய்ந்து வரும் தேயிலையைச் சல்லடை இயந்திரத்தில் விட்டு ரகம் பிரிக்கும் இடம். இயந்திரத்துக்குத் தப்பிய குச்சியையும் நாரையும் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கையால் பொறுக்குவோம். மழை கிடையாது, காலில் ஏறும் அட்டை கிடையாது, முதுகில் கூடை கிடையாது. எனக்குக் கல்யாண வீட்டுக்குப் போவது போலத்தான் இருந்தது. பவுடர் பூசி, பூ வைத்து, தீபாவளிக்கு எடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன்.

சலிப்பறைக்குக் கங்காணி அஞ்சலை அக்கா. வாசலிலேயே கையை நீட்டி மறித்தார்.

"யாருடி இது, பொண்ணு பாக்க வரச் சொல்லியிருக்கியா இங்க? போ, பைப்புல மூஞ்சிய நல்லா தேச்சுக் கழுவு. பூவ அங்கேயே வீசிட்டு வா."

"ஏன்க்கா?"

"தேயிலைக்கு மூக்கு இருக்கு. பக்கத்துல என்ன இருந்தாலும் வாசத்த இழுத்து வச்சிக்கும். உன் பவுடரயும் சேத்துக் கலக்கிக் குடிக்கணும்னு வாங்குறவனுக்குத் தலையெழுத்தா?"

கழுவிவிட்டு வந்தேன். அப்போதும் விடவில்லை. என் இடுப்பில் சொருகியிருந்த புத்தகத்தை உருவி, மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார்.

"இதுவும் வெளிய. சாப்பாட்டு மணி அடிச்சதும் எடுத்துக்க."

சாப்பாட்டுப் பையோடு சேர்த்து ஆணியில் மாட்டிவைத்தேன். சாப்பாட்டு மணி அடித்ததும் நான் முதலில் எடுத்தது சோற்றை அல்ல.

நான் படிக்கிற விதம்

பெக்டரியைப் பற்றி எழுதச் சொன்னால் இவள் ஏன் புத்தகத்தைப் பற்றி எழுதுகிறாள் என்று இப்போது அங்கே வேலை செய்யும் பிள்ளைகள் கேட்கலாம். என் வேலையையும் என் படிப்பையும் எனக்குத் தனித்தனியாகப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ஒன்றால் மற்றொன்றுக்கு வந்த சங்கடம்தான் நான் சொல்லப் போவது.

தானா ராத்தா டவுனில் ஒரு பலசரக்குக் கடையில் இந்தியாவிலிருந்து வரும் வார இதழ்களைக் கயிற்றில் தொங்கவிட்டிருப்பார்கள். கப்பலில் வந்து, ரயிலில் வந்து, தாப்பாவிலிருந்து லோரி ஏறி வருவதற்குள் மாதங்கள் ஓடிவிடும். அதில் வரும் தொடர்கதைகளை வாராவாரம் படிக்க மாட்டேன். அந்தப் பக்கங்களை மட்டும் கிழித்துச் சேர்த்துக்கொண்டே வருவேன். 'முற்றும்' என்று போட்ட பக்கம் கைக்கு வந்த பிறகுதான் முதல் பக்கத்தைத் திறப்பேன். பாதியில் விட்டுவிட்டு அடுத்த வாரம்வரை காத்திருக்க என்னால் முடியாது; கை வேலையில் இருக்கும், புத்தி அந்தக் கதைக்காரி வீட்டு வாசலில் நிற்கும்.

சேர்த்த பக்கங்களை நானே பைண்டு செய்வேன். சாக்கு தைக்கும் ஊசி, சாக்கு நூல், மைதா மாவுப் பசை. பூச்சி வராமலிருக்கப் பசையில் கொஞ்சம் மயில்துத்தம். பால் டின் வரும் அட்டைப்பெட்டியை வெட்டி அட்டை போடுவேன். மேலே பழைய காலண்டர் தாள். ஈப்போவுக்கு யாராவது போனால் காசு கொடுத்துவிட்டு நாவல் வாங்கிவரச் சொல்வதும் உண்டு. என்ன நாவல் என்று கேட்பார்கள். "ராஜா ராணி வேண்டாம், நோயாளிக் கதாநாயகி வேண்டாம், மத்தபடி தடியா இருந்தா போதும்" என்பேன்.

வேலை செய்கிற மனிதர்கள் வரும் கதைதான் எனக்குப் பிடிக்கும். ஒருத்தி அரிசி களைவது, கடைக்காரரோடு சண்டை போடுவது, பஸ்ஸைத் தவறவிடுவது, இதெல்லாம் இருக்க வேண்டும். நூறு பக்கம் முழுக்க அழுதுகொண்டே இருக்கிறவள் எப்போது சாப்பிட்டாள் என்று எழுதாத எழுத்தாளர்கள்மேல் எனக்குக் கோபம் வரும். முன்னுரையைக் கதை முடிந்த பிறகுதான் படிப்பேன். முதல் தடவை விழுந்தடித்துக்கொண்டு ஓடுவேன்; இரண்டாம் தடவை நடந்து போவேன். பக்கத்தின் முனையை மடக்கினால் எனக்குப் பல் கூசும். அடையாளத்துக்குப் பொறுக்கியெடுத்த தேயிலைக் குச்சி ஒன்றை வைத்துக்கொள்வேன். அது எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும் பக்கத்தில் தழும்பு விடாது.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். நான் யாருக்கும் இரவல் கொடுக்க மாட்டேன். "சரோஜாகிட்ட நகையக் கேட்டாலும் தருவா, புத்தகத்தக் கேட்டா வீட்டுல ஆள் இல்லம்பா" என்று தொழிலாளர் குடியிருப்பான லைனில் பேச்சு. அது உண்மைதான்.

பூசணம்

கேமரன் மலையில் புத்தகம் வைத்திருந்தவர்களுக்குத்தான் தெரியும். காலையில் பனி, மத்தியானம் மழை, மறுபடி பனி. துவைத்த துணி மூன்று நாளானாலும் காயாது. புத்தகத்தை எடுத்தால் அட்டைமேல் சாம்பல் பூசினாற்போல் இருக்கும். விரித்தால் உள்ளே பச்சைப் பச்சையாகப் புள்ளி. மைதாப் பசை பூசணத்துக்குப் பாயசம் மாதிரி. கற்பூர உருண்டை போட்டால் பூச்சி போகும், பூசணம் போகாது. அதோடு, அந்த வாசத்தைக் கையில் ஏற்றிக்கொண்டு நான் சலிப்பறைக்குள் நுழைய முடியாது.

லைன் வீட்டில் காய்ந்த இடம் என்றால் அடுப்புக்கு மேலே அடித்திருக்கும் பலகை ஒன்றுதான். அது அம்மாவின் ராஜ்யம். அங்கே மிளகாய், உப்பு, கருவாடு. ஓரமாக இரண்டு புத்தகத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தார். மூன்றாவதை வைத்த அன்று அது கருவாட்டுப் பானைக்கு மூடியாக இருந்தது.

அப்போதுதான் சவரி அண்ணனின் விறகுக் கொட்டகை கண்ணில் பட்டது.

சவரிமுத்து அண்ணன், தேயிலையைக் காயவைக்கும் டிரையர் அடுப்புக்கு விறகு தள்ளுபவர். முன்பு மலையில் மருந்தடிக்கிற வேலையில் இருந்தார். சரிவில் விழுந்து முழங்கால் போய்விட்டது. அதனால் அடுப்படிக்கு மாற்றியிருந்தார்கள். அடுப்பின் பின்சுவர் கொட்டகைப் பக்கம் இருக்கும். ஈர விறகை அந்தச் சுவரோரம் அடுக்கிக் காயவைப்பார். தேயிலைக்குப் போகும் சூட்டுக்காற்று வேறு வழியில், இரும்புக் குழாய்களில் போகிறது. ஆக, கொட்டகை பெக்டரிக்கு வெளியில்தான். இப்படியெல்லாம் யோசித்துவிட்டுத்தான் கேட்டேன்.

"அண்ணே, இந்தச் சுவத்துல ஒரு பலக அடிச்சா, என் புத்தகத்த வச்சிக்கலாமா?"

"வையேன் லா. வெறகுக்குக் கெடைக்கிற சூடு புத்தகத்துக்குக் கெடைக்கக் கூடாதா? நான் தெனம் பெரட்டி வைக்கிறேன், ஒரே பக்கமா காஞ்சா தோச மாதிரி வளைஞ்சிக்கும்."

அவரே பலகை அடித்தார். எல்லாப் புத்தகமும் அங்கே போனது. ஒரு மாதத்தில் பூசணம் நின்றுவிட்டது. தாள்கள் மொறுமொறுவென்று ஆயின. லேசாக விறகு வாசம். வேலை முடிந்து போகும்போது ஒன்றை எடுப்பேன், படித்த ஒன்றை வைப்பேன். என் வாழ்க்கையிலேயே சுகமாகப் படித்த காலம் அதுதான்.

ஒரே ஒரு தொல்லை. சவரி அண்ணன் புத்தகத்தைப் புரட்டிக் காயவைத்ததோடு நிற்கவில்லை, படிக்கவும் ஆரம்பித்தார். மிஷன் பள்ளியில் படித்தவர், நன்றாகவே படிப்பார். ஆனால் எடுத்ததும் கடைசிப் பக்கத்தைத்தான் திறப்பார்.

ஒருநாள் நான் ஒரு தடி நாவலை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அவர் விறகைத் தள்ளிக்கொண்டே சொன்னார்:

"நல்ல கத லா. அந்த அண்ணன்காரன் கடசியில திரும்பி வந்துர்றான்."

அப்படியே நின்றுவிட்டேன். "அண்ணே! நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல!"

"அதுக்கென்ன? வர்றான்னு தெரிஞ்சிட்டா நிம்மதியா படிக்கலாம்ல?"

"நிம்மதிக்கா கத படிக்கிறாங்க?"

"எனக்கு அதுக்குத்தான். அடுப்புல கைய வச்சிட்டு, இவன் செத்தானா பொழச்சானான்னு நெனச்சிக்கிட்டு நிக்க முடியுமா? மொதல்ல முடிவு. அது சரியா இருந்தா பின்னாலேர்ந்து முன்னால வருவேன். ஆள் செத்துட்டா அந்தப் புத்தகத்தத் தொடமாட்டேன்."

அன்றிலிருந்து, புத்தகத்தை எடுக்கப் போகும்போது இரண்டு காதையும் பொத்திக்கொண்டுதான் போவேன். சலிப்பறைப் பெண்கள் அடுப்புச் சத்தத்துக்காகப் பொத்துகிறாள் என்று நினைத்தார்கள்.

வாடை

அடுத்த மழைக்காலத்தில் கோலாலம்பூரிலிருந்து ஒரு சாம்பிள் திரும்பி வந்தது. எங்கள் பெக்டரித் தேயிலையில் பூசண வாடை அடிக்கிறதாம்.

வெளியாருக்கு இது சின்னச் செய்தி. பெக்டரியில் இது இழவுச் செய்தி. டீமேக்கர் ஐயாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கொழுந்து வந்து இறங்குவதிலிருந்து பெட்டியில் ஆணி அடிப்பதுவரை அவர் பொறுப்பு. தணிகாசலம் என்று பெயர், ஆனால் யாரும் பெயர் சொல்ல மாட்டோம். கோபம் வந்தால் சத்தம் போட மாட்டார். குரல் இன்னும் சன்னமாகிவிடும். அன்று காலையிலிருந்து அவர் பேசியது யாருக்கும் கேட்கவில்லை.

மாடியில் இலை வாட்டும் தட்டுகளைப் பார்த்தார். இலையை உருட்டும் ரோலிங் மேசைகளைப் பார்த்தார். எங்கள் ஒவ்வொருவர் கையையும் முகர்ந்தார். பிறகு விறகுக் கொட்டகைக்குள் போனார்.

நடந்ததைப் பிறகு சவரி அண்ணன்தான் சொன்னார். பலகையைப் பார்த்ததும் டீமேக்கர் ஒரு புத்தகத்தை எடுத்து விரித்தாராம். பழைய பூசணப் புள்ளிகள் காய்ந்து கறையாக இருந்தன. முகர்ந்தார்.

"இது யாரோடது?"

"என்னோடதுங்க ஐயா."

"அடுப்புல போடு."

சவரி அண்ணன் முதல் புத்தகத்தைக் கையில் எடுத்தவர், அதைப் பிடித்துக்கொண்டே நின்றிருக்கிறார். "இப்ப வெறகு ஈரமா இருக்குங்க. தீ மந்தமா எரியுது. காயிதத்தப் போட்டா சாம்பல் பறந்து கொழாயில அடச்சிக்குங்க ஐயா."

டீமேக்கர் அவரையே பார்த்துவிட்டு, "அப்ப சாயங்காலத்துக்குள்ள எல்லாம் வெளிய போகணும். நாளையிலேர்ந்து நீ மலைக்குப் போ. அடுப்புக்கு வேற ஆள் பாக்குறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இந்தச் செய்தி சலிப்பறைக்கு வந்தபோது என் மடியில் குச்சி குவிந்திருந்தது. முதலில் தோன்றியது என்ன தெரியுமா? நல்லவேளை, எரிக்கவில்லை. அடுத்த மூச்சில்தான் அவருடைய முழங்கால் நினைவுக்கு வந்தது. அந்தக் காலோடு மலைச் சரிவில் மருந்து டின்னைச் சுமக்க அவரால் முடியாது. வீட்டில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள்.

எழுந்தேன். அஞ்சலை அக்கா, "எங்கடி?" என்றார்.

"டீமேக்கர்கிட்ட."

"வேல நேரத்துல கூப்பிடாம போனா உனக்கும் சீட்டுத்தான்."

"புத்தகம் என்னோடதுக்கா."

அவர் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, "நானும் வரேன். உன் வாய்க்கு நீ தனியா போவக் கூடாது" என்றார்.

மூன்று கோப்பை

டீமேக்கர் ருசி பார்க்கும் மேசையருகே நின்றுகொண்டிருந்தார். சன்னலோரம் நீளமான மேசை, வெள்ளைக் கோப்பைகள், துப்புவதற்குக் காலடியில் ஒரு பித்தளைப் பாத்திரம். எங்களைப் போன்றவர்கள் அந்த அறைக்குள் பெருக்கத்தான் போவோம்.

"ஐயா, அந்தப் புத்தகம் என்னோடது. சவரி அண்ணன் என்னக் காட்டிக் குடுக்கக் கூடாதுன்னு பொய் சொன்னாரு. அவர மலைக்கு அனுப்பாதீங்க. அனுப்புறதுன்னா என்ன அனுப்புங்க. நான் முன்னாடியே கொழுந்தெடுத்தவதான்."

"யார் புத்தகமா இருந்தா என்னம்மா? வாடை வந்தது வந்ததுதானே?"

"அதுல வந்ததுன்னு தெரியுங்களா ஐயா?"

அஞ்சலை அக்கா என் முழங்கையைக் கிள்ளினார். ஆனால் டீமேக்கருக்குக் கோபம் வரவில்லை. யோசித்தார். நியாயமான மனிதர், அதை இன்றைக்கும் சொல்வேன்.

"தெரியாது" என்றார். "தெரிஞ்சிக்கலாம்."

இரண்டு பிஸ்கட் டின் கொண்டுவரச் சொன்னார். அன்று காலையில் சலித்த தேயிலையில் இரண்டு பிடி எடுத்து, ஒரு பிடியை வெறும் டின்னில் போட்டு மூடினார். இன்னொரு பிடியை மெல்லிய துணியில் முடிந்து, என் புத்தகங்களில் இரண்டை வைத்து, அந்த டின்னையும் மூடினார். மறுநாள் காலையில் வரச் சொன்னார். அதுவரை சவரி அண்ணன் அடுப்பிலேயும், மற்றப் புத்தகங்கள் பலகையிலேயும் இருக்கட்டும் என்றார்.

மறுநாள் நாங்கள் மூன்று பேரும் போய் நின்றோம். மூன்று கோப்பை இருந்தது. ஒன்று வெறும் டின் தேயிலை. ஒன்று புத்தக டின் தேயிலை. மூன்றாவது கோலாலம்பூரிலிருந்து திரும்பி வந்த சாம்பிள். கரண்டியில் எடுத்து 'உர்ர்' என்று உறிஞ்சினார், வாயில் உருட்டினார், துப்பினார். மறுபடி முதல் கோப்பைக்குப் போனார். சவரி அண்ணன் உள்ளுக்குள் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தது உதட்டில் தெரிந்தது.

"இங்க வாம்மா. நீயே குடிச்சுப் பாரு" என்றார்.

முதல் கோப்பை நம் தேயிலை. மூன்றாவதைக் குடித்ததும் எனக்கே குமட்டியது. ஈரச் சாக்கை நக்கியது போல. பிறகு நடுக் கோப்பை. அதில் மெல்லிசாகக் காய்ந்த தாளும் விறகும் மணத்தது. என் புத்தகத்தை விரித்து முகத்தில் வைத்துக்கொண்டது போல இருந்தது. துப்ப மனம் வராமல் விழுங்கிவிட்டேன்.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்குங்க ஐயா."

அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். "உனக்கு நல்லா இருக்கும். வாங்குறவன் புத்தகமா கேட்டான்?" பிறகு சவரி அண்ணனைப் பார்த்து, "அந்த வாடை வேற, இந்த வாசம் வேற. உன் கொட்டகையால வந்த கேடு இல்ல. நீ அடுப்புலயே இரு" என்றார்.

சவரி அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டார்.

"ஆனா," என்றார் டீமேக்கர். அவர் குரல் சன்னமானது. "வேற வாசமா இருந்தாலும் வாசம்தான். டின்னுக்குள்ள ஏறினது நாளைக்குக் காத்துல ஏறாதுன்னு நான் சொல்ல முடியாது. புத்தகம் இந்த வளாகத்துல இருக்கக் கூடாது."

சரி என்றேன். நாங்கள் கேட்ட நியாயம் கிடைத்தது. நியாயம் என்றால் அதில் நமக்குப் பிடிக்காத பாதியும் இருக்கும்.

கோலாலம்பூர் வாடைக்குக் காரணம் பிறகு தெரிந்தது. புதிதாக வந்த தேயிலைப் பெட்டிகளின் பலகை சரியாகக் காயாத மரம். அதையும் அவர் பிஸ்கட் டின்னில் போட்டுத்தான் கண்டுபிடித்தார்.

வீட்டுக்கு ஒன்று

வேலை முடிந்ததும் புத்தகங்களை இரண்டு சாக்கில் கட்டினேன். மழை தூறிக்கொண்டிருந்தது. ஒரு சாக்கை சவரி அண்ணன் தூக்கிக்கொண்டார். லைன் பைப்படியில் சாக்கை இறக்கிவைத்துவிட்டு, எங்கே கொண்டுபோவது என்று தெரியாமல் நின்றேன். வீட்டுக்குள் கொண்டுபோனால் அடுத்த மாதமே பச்சையாகிவிடும்.

அஞ்சலை அக்கா குடத்தோடு வந்தார். என்னையும் பார்த்தார், சாக்கையும் பார்த்தார்.

"எங்க வீட்டு அடுப்புக்கு மேல ஒண்ணு ரெண்டுக்கு எடம் இருக்கு. எல்லா வீட்டுலயும் இருக்கும். வீட்டுக்கு ஒண்ணா குடுத்து வையேன்டி."

"குடுத்தா படிப்பாங்களேக்கா."

சொன்ன பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே காதில் விழுந்தது. சவரி அண்ணன் சிரித்த சிரிப்பில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அஞ்சலை அக்காவும் குடத்தை இறக்கிவைத்துவிட்டுச் சிரித்தார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

அன்று சாயங்காலம் லைன் முழுக்க நடந்தோம். வீட்டுக்கு ஒரு புத்தகம். "அடுப்புக்கு மேல வச்சிக்கங்க. கருவாட்டுக்குப் பக்கத்துல வேணாம். முனைய மடக்கக் கூடாது." ஒவ்வொரு வாசலிலும் இதையே சொன்னேன். சவரி அண்ணன் வீட்டில் நானே ஒன்றைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். வாங்கியதும் கடைசிப் பக்கத்தைத் திறந்து பார்த்து, "ஆங், இது பரவால்ல" என்றார்.

புத்தகங்களில் பூசணம் பிடிக்கவில்லை. ஆனால் திரும்பி வந்தபோது ஒவ்வொன்றும் ஒரு வீடாக வந்தது. ஒன்றில் சாம்பிராணி, ஒன்றில் வெங்காயம், ஒன்றில் பக்கத்துக்குப் பக்கம் மஞ்சள் விரல். முதல் வருடம் எனக்குத் தூக்கம் கெட்டது. சலிப்பறையில் குச்சி பொறுக்கிக்கொண்டே பெண்கள் கதை பேச ஆரம்பித்தார்கள். "அந்த மாமியார் இருக்காளே..." என்று ஒருத்தி தொடங்கினால், நான் படித்த கதை என்றால் என் கை நின்றுவிடும். நான் நல்லவள் என்று நினைத்திருந்த ஒரு மாமியாரை அஞ்சலை அக்கா நார் நாராகக் கிழித்தார். அவருக்கு எழுத்து அவ்வளவாகத் தெரியாது. மகளைப் படிக்கச் சொல்லிக் கேட்டிருந்தார். வீட்டுக்குப் போய் மறுபடி படித்துப் பார்த்தேன். அவர் சொன்னதுதான் சரி. தனியாகவே படித்திருந்தால் அந்தக் கிழவியை நான் சாகும்வரை நம்பியிருப்பேன்.

அரிசித் தொட்டி

எண்பதுகளில், அஞ்சலை அக்கா வேலையிலிருந்து நின்ற பிறகு, சலிப்பறைக்கு நான் கங்காணி ஆனேன். அப்போது எங்களோடு வேலை செய்த முனியம்மா, புருஷனோடு கோலா தெர்லாவுக்குக் குடிபோனாள். அங்கே தவுக்கே என்று நாங்கள் சொல்லும் சீன முதலாளி ஒருவரின் காய்கறித் தோட்டத்தில் அவனுக்கு வேலை, வீடும் உண்டு. அவள் போன பிறகு பார்த்தால் என் தடி நாவல் ஒன்றைக் காணோம். ஈப்போவிலிருந்து வந்தது, நான் இரண்டு தடவை அட்டை மாற்றியது.

அவள் எடுத்துப்போயிருப்பாள் என்று என்னால் நம்ப முடியவில்லை. முனியம்மா மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டிப் படிப்பாள். இருந்தாலும் ஆள் அனுப்பிக் கேட்டேன், பதில் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன். பிரிஞ்சாங் தாண்டி, கியா பார்ம் தாண்டி, திரிங்காப் தாண்டி அவ்வளவு தூரமும் அவளிடம் என்ன கேட்பது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன்.

முட்டைக்கோஸ் பாத்திகளுக்கு நடுவில் தகரக் கூரை வீடு. என்னைப் பார்த்ததும் முனியம்மாவுக்கு முகம் வெளுத்தது.

"வாங்க சரோஜாக்கா... சொல்லாம கொள்ளாம..."

"புத்தகம் எங்க முனியம்மா?"

"எந்தப் புத்தகம்க்கா?"

"தடியா, நீல அட்டை போட்டது."

"எங்கிட்ட இல்லியேக்கா. நானே பஞ்சவர்ணத்துகிட்ட குடுத்துட்டுத்தான வந்தேன்."

பஞ்சவர்ணம் லைனில் அவளுக்கு அடுத்த வீட்டுக்காரி; அவளிடம் இல்லை என்று ஏற்கெனவே கேட்டுவிட்டுத்தான் வந்திருந்தேன். கண்ணால் வீட்டைத் துழாவினேன். ஒரே அறை. ஓரத்துக் கட்டிலில் அவள் மாமியார் படுத்திருந்தார். இடுப்பு விழுந்து எழுந்து நடக்க முடியாதவர் என்று கேள்விப்பட்டிருந்தேன். புத்தகம் எங்கும் இல்லை. நான் கோபத்தை விழுங்கிக்கொண்டு கிளம்பப் பார்த்தேன்.

அப்போது கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"முனியம்மா, வந்தவங்களுக்குத் தண்ணி குடுத்துட்டு அரிசித் தொட்டியத் தொற. படிக்கிற நேரமாச்சுல்ல?"

முனியம்மா தலையில் கைவைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அரிசித் தொட்டியில்தான் இருந்தது. அரிசி ஈரத்தை இழுத்துவிடும் என்று அவளே யோசித்து உள்ளே புதைத்திருக்கிறாள். அட்டை புதிதாக, கித்தான் துணியில், என்னுடையதைவிட ஒழுங்காகப் போட்டிருந்தது. முடிவுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு முட்டைக்கோஸ் நரம்பு அடையாளமாகக் காய்ந்து கிடந்தது.

"மன்னிச்சிருங்கக்கா. குடுக்கத்தான் நெனச்சேன். எனக்கு வெரசா படிக்க வராது. ஒரு நாளைக்கு ரெண்டு பக்கம், மூணு பக்கம். அத்தைக்கும் சேத்துச் சத்தமா படிக்கணும். நீங்க ஆள் விட்டுக் கேட்டப்ப அந்தப் பொண்ணு வீட்ட விட்டுக் கெளம்புற எடம். அங்க நிறுத்திட்டு எப்படிக்கா குடுக்குறது?"

ஒரு புத்தகத்துக்காகப் பொய் சொல்லக்கூடிய ஆள் இந்த மலையில் நான் ஒருத்திதான் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

"இன்னும் எவ்வளவு இருக்கு?"

"கொஞ்சம்தான்க்கா. ஆனா இன்னும் சமைக்கல, துணி ஊறுது, கோழிக்கு..."

நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். "அரிசியக் காட்டு. நான் ஒலை வைக்கிறேன். நீ உக்காந்து படி."

அவள் நம்பாமல் பார்த்தாள். மாமியார்தான், "அதான் சொல்றாங்கல்ல, படிடி" என்றார்.

சோறு வடித்தேன். முட்டைக்கோஸ் பொரியல் செய்தேன். துணியை அலசிப் போட்டேன். முனியம்மா கட்டிலோரம் உட்கார்ந்து, விரலை வரியின்மேல் வைத்து, ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தாள். 'வந்துகொண்டிருந்தாள்' என்பதை அவள் படித்து முடிப்பதற்குள் அந்தப் பெண் உண்மையிலேயே தெருக்கோடியிலிருந்து நடந்து வந்துவிட்டாள். எத்தனையோ தடவை நான் ஓடிக் கடந்த பக்கங்கள் அவை. மாமியார் இடையிடையே, "நில்லு, என்ன சொன்னான்? திரும்பப் படி" என்பார். கரண்டியைப் பிடித்துக்கொண்டு நானும் நின்று கேட்டேன்.

கடைசிப் பக்கம் முடிந்தபோது கடைசி பஸ் போய்விட்டிருந்தது. மூவரும் சோறு தின்றோம். பிறகு முனியம்மா புத்தகத்தைத் துடைத்து என்னிடம் நீட்டினாள். மாமியார் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடுத்த வாட்டி வர்றப்ப," என்றார் அவர், "இவ்வளவு அழுவாத பொண்ணு யாராச்சும் இருந்தா கொண்டாம்மா."

டவுனுக்குப் போகும் காய்கறி லோரியில் தவுக்கே எனக்கு முன்சீட்டில் இடம் வாங்கிக் கொடுத்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு எந்தப் புத்தகம் சரியாக இருக்கும் என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். அந்த அம்மா காலமாகும்வரை மாதத்துக்கு ஒரு ஞாயிறு நான் கோலா தெர்லாவுக்குப் போனேன். போகும் நாளெல்லாம் சமையல் என்னுடையது.

புத்தகத்தை எப்படிப் பாதுகாப்பது என்று என்னிடம் கேட்பவர்கள் இப்போதும் உண்டு. பசையில் மயில்துத்தம் போடு, காற்றோட்டமாக வை, இதெல்லாம் சொல்வேன். நான் கற்றது அதற்குமேல் ஒன்றுதான்: திருப்பிக் கொடுக்க மனமில்லாத ஒருவரைக் கண்டுபிடித்து, அவரிடம் கொடுத்துவை. முடிந்தால், அவர் படிக்கும்வரை அடுப்பைப் பார்த்துக்கொள்.